காரணம் கேளாத ஓட்டமும் நாடி பார்க்காத பாடமும்

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் வாசக நண்பர்களுக்கு ஒரு வினா. உங்கள் இதயம் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை துடிக்கிறது?

"72 முறை" என்று உடனே விடை கூறுவீர்கள். நூலில் உள்ள இதயம் 72 முறை துடிக்கலாம். நான் கேட்டது உங்கள் இதயத்தைப் பற்றி. இந்த வரியைப் படிக்கும் நேரத்தில் அது 68 முறை துடிக்கலாம். 90 முறையும் துடிக்கலாம். பள்ளி மைதானத்தை இரண்டு சுற்று விரைந்து ஓடி வந்தால் அதே இதயம் 170ஐத் தாண்டிவிடும். மணிக்கட்டில் விரல் வைத்து இதனை எண்ணிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கல்லூரியில் இயற்பியல் முதலாண்டு வகுப்பில் இவ்வினாவை நான் கேட்பதுண்டு. கை தூக்குவோர் மிகச் சிலரே. "பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் ஓடியவர்கள் யார்?" என்று அடுத்துக் கேட்டால் பாதிக் கைகள் மேலே எழுகின்றன!

ஓடியிருக்கிறார்கள், நாடி பார்த்ததில்லை. இதயத்தைப் படித்திருக்கிறார்கள், அது தம் இதயம் என்று அறிந்ததில்லை. நம் பள்ளிகளில் உடல்நல அறிவியல் வகுப்பறைக்குள்ளும், உடற்பயிற்சி மைதானத்திலும் தனித்தனியே வாழ்கின்றன. இரண்டையும் பிரித்து வைத்ததனால் இரண்டுமே நலிந்துவிட்டன என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு. எல்லா ஊர்ப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும் என்றாலும், அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறண்ட நிலத்துப் பள்ளிகளில் இந்தப் பிரிவினை விளைவிக்கும் தீங்கு மிகுதி. ஏன் என்பதைக் காண்போம்.

மூன்று பாடங்கள், ஒரே உடல்

மதுரைக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் உள்ளது அருப்புக்கோட்டை. நெசவுத் தறிகளும் நூற்பாலைகளும் உள்ள ஊர். அதற்குக் கிழக்கே குண்டாற்றின் கரையில் திருச்சுழி. சுற்றிலும் மழையை நம்பிய மானாவாரி நிலம், கண்மாய்கள், சீமைக் கருவேலங்காடு. இவ்வூர்கள் அடங்கிய விருதுநகர் மாவட்டம் 2018ஆம் ஆண்டில் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உடல்நலம், ஊட்டம், கல்வி ஆகியவை அப்பட்டியலுக்கான அளவுகோல்களுள் அடங்கும். இங்குள்ள பள்ளிகளில் ஆய்வகக் கருவிகள் குறைவு. ஆனால் மைதானம் என்று சொல்லத்தக்க வெட்டவெளி அநேகமாக எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. ஓடுவதற்குக் கால்களும் உண்டு.

இனிப் பாடநூலைப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு அறிவியல் நூல் 2019ஆம் ஆண்டில் புதிய பாடத்திட்டத்தின்படி வெளிவந்தது. படங்களிலும் விளக்கங்களிலும் பழைய நூல்களைவிட மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. அதன் முதல் பாடம் இயக்க விதிகள். கணத்தாக்கை விளக்குமிடத்தில், பந்தைப் பிடிக்கும் கிரிக்கெட் ஆட்டக்காரர் கைகளை ஏன் பின்னுக்கு இழுக்கிறார் என்று கூறுகிறது. விலங்குகளின் சுற்றோட்டம் பிறிதொரு பாடம். அதில் இதயமும் குருதியும் வருகின்றன. உடல்நலமும் நோய்களும் இன்னொரு பாடம். நீரிழிவு, உடற்பருமன், இதயநோய், புற்றுநோய், புகைப்பழக்கம், குடிப்பழக்கம் ஆகியவை அங்கே இடம் பெறுகின்றன.

ஒவ்வொன்றும் நல்ல பாடமே. ஆனால் ஒன்றை ஒன்று அறியாத அண்டை வீட்டார்போல் அவை இருக்கின்றன. ஓடும் மாணவியின் பாதம் தரையில் மோதும்போது அவள் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. இது முதல் பாடம். அந்த நேரத்தில் அவள் தசைக்கு வேண்டிய ஆக்சிஜனைக் குருதி சுமந்து செல்கிறது. இது இரண்டாம் பாடம். நாள்தோறும் இவ்வாறு ஓடுபவருக்கு நீரிழிவும் இதயநோயும் வரும் வாய்ப்புக் குறைகிறது. இது மூன்றாம் பாடம். மூன்றும் ஒரே உடலில், ஒரே கணத்தில் நிகழ்கின்றன. நாமோ அவற்றை மூன்று வெவ்வேறு மாதங்களில், மூன்று வெவ்வேறு தேர்வு வினாக்களாக நடத்துகிறோம்.

தசை நார்களின் வகைகள், உடற்பயிற்சியின் பயன்கள் ஆகியவை பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் வருகின்றன. வணிகவியலோ கலைப் பிரிவோ எடுத்த மாணவருக்கு அவை கிட்டுவதில்லை. அவருக்குத் தசை இல்லையா என்ன?

மைதானத்தின் நிலை இதைவிட மோசம். பி.டி. பீரியடு என்பது கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்ளும் பீரியடு என்பது தமிழ்நாடு முழுவதும் அறிந்த செய்தி. உடற்கல்வி வேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று 2022 டிசம்பரில் மாநில விளையாட்டுத் துறை அமைச்சரே வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் அந்த வேளை பெயரளவில்தான் கால அட்டவணையில் இருக்கும். விளையாட்டு விழா நெருங்கும்போது மட்டும் பத்துப் பதினைந்து பேரைப் பொறுக்கி எடுத்து, "ஓடு, இன்னும் வேகமாக ஓடு" என்று விரட்டுகிறோம். எதற்காக மெதுவாக ஓடித் தொடங்க வேண்டும், ஏன் உடனே உட்காரக் கூடாது, எப்போது தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற காரணங்களை யாரும் கூறுவதில்லை. மாணவரும் கேட்பதில்லை.

வெயிலில் ஓடும் உடலின் கணக்கு

காரணம் தெரியாமல் ஓடுவதில் என்ன கேடு என்று சிலர் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளி மாணவர் அறிந்த இயற்பியலே இதற்குப் போதும்.

50 கிலோகிராம் எடையுள்ள மாணவர் ஒருவர் 5 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். ஒரு கிலோகிராம் எடையை ஒரு கிலோமீட்டர் ஓடிக் கடத்த ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி ஆற்றல் தேவை. ஆக மொத்தம் 250 கிலோ கலோரி. அதாவது ஏறத்தாழ 1,050 கிலோ ஜூல். தசை மிகத் திறமையான எந்திரமன்று. இந்த ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, 840 கிலோ ஜூல், வெறும் வெப்பமாக உடலுக்குள் வெளிப்படுகிறது.

ஒரு கிலோகிராம் உடலின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 3.5 கிலோ ஜூல் வேண்டும். 50 கிலோகிராமுக்கு 175 கிலோ ஜூல். இப்போது வகுத்துப் பாருங்கள். 840ஐ 175ஆல் வகுத்தால் 4.8. வெப்பம் முழுவதும் உடலிலேயே தங்கிவிட்டால், 37 பாகையில் இருந்த உடல் 42 பாகையை நெருங்கிவிடும்! உடலின் உள்வெப்பநிலை 40 பாகையைத் தாண்டி, அறிவு தடுமாறினால் அதுவே வெப்பத் தாக்கு. உயிருக்கு ஆபத்தான நிலை அது.

நல்லவேளையாக நமக்கு வியர்வை இருக்கிறது. ஒரு கிராம் வியர்வை தோலின்மீது ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று நாம் மனப்பாடம் செய்ததன் பயன் இதுதான். 840 கிலோ ஜூலை வெளியேற்ற ஏறத்தாழ 350 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டித் தரையில் விழும் வியர்வை கணக்கில் சேராது. ஆகவே உண்மையில் இதைவிட அதிகமாகவே உடல் நீரை இழக்கிறது.

இங்கேதான் வறண்ட நிலத்தின் தனித்தன்மை வருகிறது. பங்குனி, சித்திரை மாதங்களில் இவ்வட்டாரத்தில் காற்றின் வெப்பநிலை 38, 40 பாகையை எட்டும். தோலின் வெப்பநிலையோ ஏறத்தாழ 35 பாகை. வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்கே செல்லும். எனவே அந்த வேளையில் காற்று உடலைக் குளிர்விப்பதில்லை, சூடேற்றுகிறது. மிஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை. காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை விரைவில் ஆவியாகிவிடும், அது நன்மை. ஆனால் சட்டை நனையாததால், "எனக்கு வியர்க்கவே இல்லை" என்று ஓடுபவர் எண்ணிக்கொள்கிறார். தான் இழந்த நீரை அவர் அறிவதில்லை. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் வியர்வை வழிந்து எச்சரிக்கும். கரிசல் காட்டில் அந்த எச்சரிக்கையும் இல்லை.

ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் போதும். இடையில் தண்ணீர் குடிக்காதிருந்தால், குறைந்த எடை ஏறத்தாழ முழுவதும் இழந்த நீரே. பள்ளியில் உள்ள சாதாரண எடைக்கருவி கொண்டு செய்யக்கூடிய இந்தச் சோதனையில் இயற்பியலும் உடலியலும் உடற்பயிற்சியும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. மாணவர்கள் இதைச் செய்துபார்த்த பள்ளிகள் எத்தனை?

புதிதாக வெயிலில் பயிற்சி தொடங்குபவரின் உடல் அதற்குப் பழக 10 முதல் 14 நாட்கள் ஆகும். விளையாட்டு விழாவுக்கு மூன்று நாட்கள் முன்பு பிற்பகல் மூன்று மணிக்குப் பயிற்சியைத் தொடங்குவது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும். ஓடியவர் தடுமாறி, பொருத்தமின்றிப் பேசி, விழுந்துவிட்டால் செய்ய வேண்டியது என்ன? நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் நீரை ஊற்றி, விசிற வேண்டும். குளிர்விப்பதைத் தொடங்கிவிட்டு 108ஐ அழைக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றலாகாது. உடல் வியர்த்து ஈரமாக இருக்கிறதே, வெப்பத் தாக்கு அன்று என்று விட்டுவிடவும் கூடாது. ஓடும்போது வரும் வெப்பத் தாக்கில் உடல் வியர்த்தே இருக்கக்கூடும். இந்த நாலு வரிகளை மைதானத்துச் சுவரில் எழுதி வைக்கலாம். வினாத்தாளில் வராது என்பதால் இவை எழுதப்படுவதில்லை.

குருதியில் குறையும் இரும்பு

இரண்டாவது கேடு கண்ணுக்குத் தெரியாதது. பெண் பிள்ளைகளையே அது அதிகம் தாக்குகிறது.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை இருந்தது. இந்தியா முழுவதும் 15 முதல் 19 வயதுப் பெண்களில் இது 59.1 விழுக்காடு. அதாவது நம் பள்ளி மைதானத்தில் நிற்கும் மாணவியரில் இருவருக்கு ஒருவர் ஹீமோகுளோபின் குறைவுடன் ஓடுகிறார் என்று கொள்வது மிகையாகாது.

இதன் பொருள் என்ன? ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் குருதியில் 12 கிராம் ஹீமோகுளோபின் உள்ள மாணவியின் ஒரு லிட்டர் குருதி, முழுவதும் நிறைந்தால், 161 மில்லிலிட்டர் ஆக்சிஜனைக் கொண்டு செல்லும். 9 கிராம் மட்டுமே உள்ள மாணவிக்கு அது 121 மில்லிலிட்டர். கால் பங்கு குறைவு. அதே ஆக்சிஜனைத் தசைக்குச் சேர்க்க வேண்டுமானால் இரண்டாமவளின் இதயம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் குருதியை இறைத்தாக வேண்டும். இருவரும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்குகிறார்கள். இரண்டாவது சுற்றில் பின்தங்குபவளைப் பார்த்து, "சோம்பேறி" என்கிறோம்!

பள்ளிகளில் வாரந்தோறும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் அடங்கிய நீல நிற மாத்திரை வழங்கும் திட்டம் இருக்கிறது. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு. நல்ல திட்டம். ஆனால் மாத்திரை எதற்கு என்று தெரியாத பிள்ளைக்கு அது வயிற்றைப் புரட்டும் ஒரு வில்லை மட்டுமே. மலம் கறுத்துப் போகிறதே என்று அஞ்சி நிறுத்துபவர் உண்டு. உடல் ஏற்காத மீதி இரும்பே அந்நிறத்திற்குக் காரணம், அஞ்ச வேண்டியதில்லை என்று கூற ஒரு நிமிடம் போதும். வெறும் வயிற்றில் விழுங்கக் கூடாது, தேநீருடன் சேர்த்து விழுங்கினால் இரும்பு உடலில் சேர்வது குறையும், நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் கூடும் என்று சொல்ல இன்னொரு நிமிடம். "இந்த மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால் மூன்று மாதத்தில் உன் 600 மீட்டர் நேரம் குறையலாம், பார்ப்போமா?" என்று குறைவுள்ள மாணவியிடம் உடற்கல்வி ஆசிரியர் சொன்னால், அதைவிட நல்ல உடல்நலப் பாடம் வேறு உண்டா?

உணவுப் பாடமும் இப்படியே. கம்பில் உள்ள இரும்பு, தீட்டிய அரிசியில் உள்ளதைப் போல் பன்மடங்கு. தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். புளிக்கவைத்தால் அப்பொருள் குறையும். கம்பங்கூழைப் புளிக்கவைத்துக் குடித்த நம் பாட்டிமார் அறிந்திருந்தாலும் அறியாவிட்டாலும் அதில் வேதியியல் இருந்தது. இந்த மண்ணில் விளையும் கம்பும் நிலக்கடலையும் முருங்கைக் கீரையும் ஓட்டக்காரரின் உணவாக மைதானத்தில் பேசப்பட வேண்டியவை. வகுப்பறையில் சரிவிகித உணவு என்று அட்டவணை எழுதிப்போடுவதோடு நின்றுவிடுகிறோம்.

மாதவிலக்கால் பெண்கள் இழக்கும் இரும்பைப் பற்றிப் பேசவே தயங்குகிறோம். இனப்பெருக்கப் பாடத்தை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிச் செல்லும் வகுப்புகளை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பருவமடைந்ததும் மைதானத்தை விட்டு நீங்கும் பெண்களின் எண்ணிக்கைக்கும் இந்த மௌனத்திற்கும் தொடர்பில்லை என்று சொல்ல முடியுமா?

அளக்கிறோம்; கற்பிக்கிறோமா?

இவையெல்லாம் அரசு அறியாதவை அல்லவே என்று வாசகர் கேட்கலாம். உண்மை. முயற்சிகள் நடந்துள்ளன. அவற்றின் நிறைகுறைகளைப் பார்ப்பது நம் கடமை.

2019ஆம் ஆண்டில் கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனை பள்ளிகளுக்கு வந்தது. உயரம், எடை, 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, முன்னே வளைந்து எட்டுதல், வயிற்றுத் தசைப் பயிற்சி, தண்டால் ஆகியவை அதில் அளக்கப்படுகின்றன. அளப்பது அறிவியலின் தொடக்கம், ஆகவே வரவேற்கத்தக்கது. ஆனால் அளந்த எண் எங்கே போகிறது? செயலியில் ஏற்றப்படுகிறது. மாணவர் கையில் ஒரு வரைபடமாக, "சென்ற ஆண்டு நீ இங்கே, இந்த ஆண்டு இங்கே, இடையில் இதனால் மாறியது" என்று திரும்பி வந்தால்தான் அது கல்வி. உடல் நிறை எண்ணைக் கணக்கிட்டு, பெரியவர்களுக்குரிய 18.5, 25 என்னும் எல்லைகளைக் கொண்டு 13 வயதுப் பிள்ளையை மெலிந்தவர், பருத்தவர் என்று முத்திரை குத்துவதும் நேர்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு வயதையும் பாலையும் ஒட்டிய அட்டவணை வேறு என்பதைக் கற்பிப்பதே ஒரு நல்ல கணக்குப் பாடம்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகளுக்கு உடற்கல்வி ஒரு விருப்பப் பாடமாகவே இருக்கிறது. எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 30. நியூட்டன் விதிகள், நெம்புகோல், ஈர்ப்பு மையம், உராய்வு, எறிபொருளின் பாதை ஆகியவை விளையாட்டோடு இணைத்து அதில் கற்பிக்கப்படுகின்றன. உடலியலும் ஊட்டமும் காயங்களும் வருகின்றன. நான் விரும்பும் இணைப்பு இதுதான். எனினும் இரண்டு குறைகள். முதலாவது, இது விரும்பி எடுப்போருக்கு மட்டும் உரியது. வெயிலும் சோகையும் எல்லோரையும் தாக்குகின்றன. இரண்டாவது, 100க்கு 70 மதிப்பெண் எழுத்தில் இருப்பதால் இதுவும் மனப்பாடப் பாடமாகிவிடும் ஆபத்து. ஈர்ப்பு மையத்தின் இலக்கணத்தை எழுதி முழு மதிப்பெண் பெற்றவர், உயரம் தாண்டும்போது முதுகைத் தண்டுக்குமேல் வளைப்பது ஏன் என்று தாண்டிப் பார்த்து அறியாமலே பள்ளியை விட்டுப் போகலாம்.

பதக்கத்தின் நிழலில்

அறிவு இல்லாப் பயிற்சி சில வேளைகளில் மாணவர் வாழ்வையே பறித்துவிடும். மதுரையை அடுத்த சக்கிமங்கலத்திலிருந்து வெறுங்காலோடு ஓடத் தொடங்கிய ரேவதி வீரமணி, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். நம் மண்ணின் பெண்களால் முடியும் என்பதற்கு அவர் சான்று. பி.டி. உஷா 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தை இழந்தார். அங்கே ஏற்ற உணவு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயும் உண்டதைப் பின்னாளில் அவரே கூறியுள்ளார். உணவு, பயிற்சியின் ஒரு பகுதி என்பதை இதைவிடக் கசப்பாக யார் சொல்ல முடியும்?

இன்னொரு செய்தி இன்னும் கசப்பானது. திருச்சி மாவட்டம் முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019இல் தோகாவில் ஆசியத் தடகளப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். ஊக்கமருந்துச் சோதனையில் நாண்ட்ரோலோன் காணப்பட்டதால் பதக்கம் பறிக்கப்பட்டு, நான்கு ஆண்டுத் தடைக்கு ஆளானார். தாம் தவறு செய்யவில்லை என்றே அவர் கூறினார். அந்த வழக்கை இங்கே விசாரிப்பது நம் நோக்கமன்று. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் கணக்குப்படி 2023இல் இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 213இல் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது, இது 3.8 விழுக்காடு. இந்த ஆபத்துக்குத் தடுப்பூசி பள்ளியில்தான் போடப்பட வேண்டும். ஹார்மோன் என்றால் என்ன என்று பத்தாம் வகுப்பில் படிக்கிறோம். பயிற்சி மையத்தில் யாரோ நீட்டும் பொடியிலும் ஊசியிலும் அதே ஹார்மோன் இருக்கலாம், உள்ளே என்ன என்று கேட்காமல் வாங்கக் கூடாது என்பதையும் அதே வகுப்பில் சொன்னால் என்ன?

யார் கற்பிப்பது?

"பாடம் முடிக்கவே நேரமில்லை; இதை யார் நடத்துவது?" என்பது வழக்கமான மறுப்பு. பத்தாம் வகுப்புத் தேர்வின் சுமையை அறிந்தவன் என்ற முறையில் இம்மறுப்பை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்குத் தேர்வு மதிப்பெண்ணே வறுமையிலிருந்து வெளியேறும் கதவு. அதை மூடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் கூர்ந்து நோக்குங்கள். பள்ளியில் உடற்கூறியல், உடலியல், பயிற்சிக் கோட்பாடு ஆகியவற்றை முறையாகப் படித்துப் பட்டம் பெற்றவர் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். அவர்தான் உடற்கல்வி ஆசிரியர்! 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக் காலத்திலிருந்து இத்துறைக்கு நூறாண்டு மரபு உண்டு. தமிழ்நாட்டில் இதற்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் 2005 முதல் இயங்குகிறது. இவ்வளவு படித்தவரைப் பள்ளியில் நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? காலை வழிபாட்டில் வரிசை நிறுத்தவும், விசில் ஊதவும், தாமதமாக வருவோரை வாசலில் நிறுத்தவும்! சுற்றோட்டப் பாடத்தின் ஒரு வேளையை அவரோடு சேர்ந்து மைதானத்தில் நடத்தினால் அறிவியல் ஆசிரியருக்கு நேரம் மிஞ்சுமே தவிரக் குறையாது. கணக்குக்குக் கடன் போன வேளையும் அறிவியலின் பெயரால் மைதானத்திற்குத் திரும்பி வரும்.

அறிவியலும் ஓட்டமும் வேறு வேறு என்று எண்ணுவோருக்கு ஏ.வி. ஹில் நினைவுக்கு வர வேண்டும். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர் அவர். தசையில் வெப்பம் உண்டாவதை அளந்து 1922ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1920களின் தொடக்கத்தில் மான்செஸ்டரில் முதுகில் ஒரு காற்றுப் பையைக் கட்டிக்கொண்டு புல்தரையில் தாமே வட்டமிட்டு ஓடி, ஓடும் மனிதன் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறான் என்று அளந்தார். 1943-44இல் இந்தியாவுக்கு வந்து நம் நாட்டு அறிவியல் ஆராய்ச்சி பற்றி அறிக்கை எழுதியவரும் இவரே. நோபல் பரிசு பெற்ற பின்னும் ஓடி அளப்பதை அவர் இழிவாக எண்ணவில்லை.

செலவில்லாத மூன்று சோதனைகள்

குறை கூறிவிட்டு ஒதுங்குவது முறையன்று. எந்தப் பள்ளியிலும் செய்யத்தக்க மூன்றைக் கூறுகிறேன். மருத்துவர் ஓடக்கூடாது என்று சொன்ன மாணவரும், மார்புவலி, மூச்சுத்திணறல் உள்ளவரும் குறிப்பெழுதும் பொறுப்பை ஏற்கட்டும்.

ஒன்று: ஐந்து நிமிடம் அமர்ந்து நாடியை எண்ணுங்கள். 600 மீட்டர் ஓடி முடித்தவுடன் 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். பிறகு மெல்ல நடந்துகொண்டே ஒவ்வொரு நிமிடமும் ஐந்து முறை எண்ணி வரைபடம் வரையுங்கள். முதலில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கும் அந்தக் கோடு, வெந்நீர் ஆறும்போது நீங்கள் வரைந்த கோட்டை ஒத்திருப்பதைக் காண்பீர்கள். வாரம் நான்கு நாள் ஓடி, இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வரையுங்கள். கோடு முன்னைவிட விரைந்து இறங்கினால், உங்கள் இதயம் கற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள்.

இரண்டு: இதே சோதனையைக் காலை ஏழு மணிக்கும் மாலை நான்கரை மணிக்கும் செய்து ஒப்பிடுங்கள். வெப்பம் கூடினால் அதே ஓட்டத்திற்கு நாடி கூடுவது தெரியும். குளிர்ச்சிக்காகத் தோலுக்கும் குருதியை அனுப்ப வேண்டியிருப்பதே காரணம். கடும் வெயில் வேளையில் இதைச் செய்ய வேண்டாம். வித்தியாசம் காண அது தேவையுமில்லை.

மூன்று: ஆடிக் காற்று வீசும் நாளில் சிறு காகிதத் துணுக்குகளைப் பறக்கவிட்டு, 10 மீட்டரைக் கடக்கும் நேரத்தைக் கொண்டு காற்றின் வேகத்தைக் கணியுங்கள். 100 மீட்டர் ஓட்டத்தில் பின்காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனை ஏற்கப்படாது என்பது உலக விதி. காற்றுத் தடை, காற்றுக்கும் ஓடுபவருக்கும் இடையிலான வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வினாடிக்கு 7 மீட்டர் ஓடுபவர் 3 மீட்டர் எதிர்காற்றில் ஓடினால், தடை ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். மேற்கு நோக்கி ஓடித் தோற்றவரைக் கிழக்கு நோக்கி ஓடி வென்றவரோடு ஒப்பிடுவது சரியா என்று மாணவர்களே வாதிடட்டும்.

இவற்றின் குறிப்புகளைச் செய்முறைப் பதிவேட்டில் சேர்த்து, அறிவியல் ஆசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் இருவருமாகக் கையொப்பமிடலாம். அதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். தலைமையாசிரியரின் இசைவு ஒன்று போதும். மழை பெய்யாத நிலத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத் தம் உடலைப் பற்றிய அறிவையும் பெய்யாமல் வைத்திருக்க நமக்கு உரிமையில்லை.

வாசக நண்பரே, இதழை மூடுமுன் மணிக்கட்டில் விரலை வையுங்கள். ஒரு நிமிடம் எண்ணுங்கள். கிடைக்கும் எண் எந்த நூலிலும் அச்சாகாதது. அதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். நாளை ஓடிவிட்டு வந்து அடுத்த எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள்.